மார்ஷ்மெல்லோ உருக்கிய சனிக்கிழமை

நாங்கள் நார்வேயை விட்டுப் போக நேரலாம் என்பதை என் மகள் ஒரு ஹாலோவீன் விருந்தில்தான் தெரிந்துகொண்டாள். முகம் முழுக்கப் பச்சைச் சாயம், தலையில் கறுப்பு அட்டையில் நான் ஒட்டிக்கொடுத்த கூம்புத் தொப்பி, கையில் பாதி கடித்த மார்ஷ்மெல்லோப் பேய். அந்தக் கோலத்தில் என் முன்னால் வந்து நின்று கேட்டாள். அவளிடம் அதைச் சொன்னது நானும் இல்லை, என் கணவரும் இல்லை. நான் நம்பிச் சொன்ன ஒரே ஒருத்தியின் வீட்டிலிருந்து அது வந்திருந்தது.

அந்த ஒருத்தியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

ஈரோட்டிலிருந்து ஆஸ்லோவுக்கு வந்த முதல் குளிர்காலம் அது. நகரின் கிரோன்லாந்து பகுதியில் ஒரு காய்கறிக் கடையில் முருங்கைக்காய் தேடிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு பெண்குரல், "பிள்ளைக்குக் காணாது" என்றது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிள்ளையைக் காணவில்லை என்று சொல்வதாக நினைத்து, பக்கத்திலேயே நின்ற மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "பயப்படாதையும். உடுப்புக் காணாது எண்டு சொன்னனான். உள்ளுக்கு ஒரு கம்பளி போடோணும்." யாழ்ப்பாணத் தமிழில் காணாது என்றால் போதாது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

மறு வாரமே, என் மகளைவிட வளர்ந்த தன் மகளுக்குச் சின்னதாகிப்போன கம்பளி உள்ளாடைகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்து தந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவள் என்னை "நீர்" என்றாள். எங்கள் ஊரில் யாரும் யாரையும் அப்படிக் கூப்பிடுவதில்லை என்பதால் முதலில் அது நாடக வசனம் மாதிரி இருந்தது. பிறகு பழகிவிட்டது. பிறகு பிடித்தும் போனது.

அவள் சின்னப் பிள்ளையாக வடக்கே பாட்ஸ்பியோர்டுக்கு வந்து இறங்கியவள். அவளுடைய அப்பா அங்கே மீன் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். பள்ளி முடித்து ஆஸ்லோவுக்கு வந்து, ஒரு பாலர் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணம் செய்து புறநகரான எல்லிங்ஸ்ருட்டில் வீடு வாங்கியிருந்தாள். கம்பெனி கொடுத்த தற்காலிக வீட்டை நாங்கள் காலிசெய்ய வேண்டி வந்தபோது, அவளேதான் தன் கட்டடத்துக்கு அடுத்த கட்டடத்தில் எங்களுக்கு ஒரு வீடு பார்த்துத் தந்தாள். வீட்டுக்காரர் அவளுக்குத் தூரத்து உறவு, ஆஸ்லோவுக்கு வெளியே லில்லெஸ்ட்ரோமில் குடியிருந்தார். "நல்ல சனம், நான் பொறுப்பு" என்று எங்களுக்காக வாக்குக் கொடுத்தாள். மூன்று வருட ஒப்பந்தம் போட்டோம். முடிந்ததும் நீட்டித்துக்கொள்ளலாம் என்று அவர் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்.

அவள் மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. காலையில் ஒன்றாக நடந்து போவார்கள், மாலையில் இரண்டு வீட்டில் ஏதோ ஒன்றில் இருப்பார்கள். என் மகள் அவர்கள் வீட்டிலிருந்து வந்தால் ஆமாம் என்பதற்கு "ஓம்" என்பாள். அவள் மகள் எங்கள் வீட்டிலிருந்து போனால் "சூப்பர்" என்பாளாம். இந்த நாட்டில் என்னுடைய ஒரே உறவு அவள்தான் என்று அம்மாவிடம் போனில் சொல்லியிருக்கிறேன்.

ஒப்பந்தத்தின் மூன்றாவது வருடம், தீபாவளிக்குச் சற்று முன்னால் என் கணவருக்கு வேலை போய்விட்டது. அவர் இருந்த குழுவையே கம்பெனி மூடிவிட்டது. எங்கள் விசா அவருடைய வேலையோடு பிணைந்தது. வேறு வேலை தேட சில மாதம் அவகாசம் உண்டு. அதற்குள் கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். நாங்கள் இரண்டு பேரும் ஒரு முடிவெடுத்தோம். நிச்சயமாகத் தெரியும்வரை மகளிடம் சொல்வதில்லை, வெளியே யாரிடமும் மூச்சு விடுவதில்லை. அவர் தினமும் மடிக்கணினியோடு நூலகத்துக்குப் போய்வந்தார். மகள் அப்பா ஆபீசுக்குப் போவதாகவே நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்படியிருக்கும்போதுதான் வகுப்பின் ஹாலோவீன் விருந்து வந்தது. அக்காதான் அந்த வருடம் வகுப்புப் பெற்றோர் பிரதிநிதி. இனிப்புப் பொறுப்பை அவள் தன் தலையிலும் என் தலையிலும் போட்டுக்கொண்டாள். "உம்மடை குசினியிலை செய்வம். என்ரை வீட்டிலை காலடி வைக்க இடமில்லை" என்றாள். அது உண்மைதான். அவளுடைய தங்கை பாட்ஸ்பியோர்டிலிருந்து கணவனோடும் கைக்குழந்தையோடும் வந்து கோடையிலிருந்தே அவர்கள் வீட்டு வரவேற்பறையில் தங்கியிருந்தாள். தங்கைக்கு லில்லெஸ்ட்ரோமில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்திருந்தது. வீடு மட்டும் கிடைக்கவில்லை.

விருந்துக்கு முந்தைய சனிக்கிழமை என் கணவர் இரண்டு பெண் பிள்ளைகளையும் காட்டுக்குள் நடக்கக் கூட்டிப்போனார். அக்கா இரண்டு பெரிய பைகளோடு வந்தாள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கும். அது மாட்டிலோ பன்றியிலோ எடுப்பது. நாங்கள் சைவம். அதற்காக அவள் இரண்டு மூன்று கடை ஏறியிறங்கி ஜெலட்டின் இல்லாத மார்ஷ்மெல்லோ வாங்கி வந்திருந்தாள். "உம்மடை பிள்ளை மட்டும் சாப்பிடாமல் பாத்துக்கொண்டு நிக்கிறதே?" என்றாள். இப்போது நினைத்தாலும் எனக்குக் குழப்பமாக இருப்பது இதுதான். அதையும் செய்தவள் அவள்தான்.

வேலையை ஆரம்பித்தோம். முதலில் பேய்கள். ஒவ்வொரு மார்ஷ்மெல்லோவையும் ஐஸ் குச்சியில் குத்தி, உருக்கிய வெள்ளைச் சாக்லேட்டில் முக்கி, பல்குத்தும் குச்சியால் கறுப்பாக இரண்டு கண் வைத்தோம். நான் வைத்த கண்களெல்லாம் மேலே பார்த்தன. "உம்மடை பேயெல்லாம் சாமி கும்பிடுது" என்று அவள் சிரித்தாள். அடுத்தது பச்சைப் பூதங்கள். வெண்ணெயில் மார்ஷ்மெல்லோவை உருக்கி, பச்சை நிறம் சேர்த்து, அரிசிப் பொரியைக் கொட்டிக் கிளறித் தட்டில் அமுக்க வேண்டும். வெல்லப்பாகுக்குப் பதிலாக இது, அவ்வளவுதான், பொரி உருண்டை என்றே எனக்குத் தோன்றியது. ஆனால் பாகு மாதிரி இது ஆறினால் சும்மா இருக்காது. கரண்டியில் ஒட்டி, கையில் ஒட்டி, குழாயைத் திறந்தால் குழாயிலும் ஒட்டும். கடைசியாகச் சிலந்தி வலை. உருகிய மார்ஷ்மெல்லோவை எண்ணெய் தொட்ட விரல்களால் இழுத்தால் நூல் நூலாக வரும். அதைச் சாக்லேட் கேக்கின்மேல் குறுக்கும் நெடுக்குமாகப் போர்த்த வேண்டும். ஒரு முனையை அவள் பிடிக்க, மறுமுனையை நான் பிடித்துப் பின்னால் நகர்ந்தேன்.

"நல்லா வருகுது. வாற வருஷம் இன்னும் பெரிசாச் செய்வம், என்ன?" என்றாள்.

பதில் சொல்ல வாயெடுத்தால் அழுகை வந்துவிடும் என்று தெரிந்தது. வாயெடுக்காமலே வந்துவிட்டது.

"என்னப்பா? என்ன நடந்தது? ஏன் அழுகிறீர்?"

எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனது, விசா, நூலகம், மகளிடம் மறைத்து வைத்திருப்பது, எல்லாம். பல நாளாக நெஞ்சில் கிடந்ததைக் கொட்டியபோது உடம்பே லேசானது. அவள் கை இரண்டும் பிசுபிசுத்துக் கிடந்ததால் முழங்கைகளால் என்னை அணைத்துக்கொண்டாள். "அழாதையும். எல்லாம் சரிவரும்" என்று முதுகில் முழங்கையாலேயே தட்டினாள்.

"யாருகிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. முக்கியமா பாப்பாவுக்குத் தெரியக் கூடாது. கிறிஸ்துமஸ் லீவுல நாங்களே பக்குவமா சொல்லிக்கிறோம்."

"என்ரை பிள்ளையாணை ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து, கேக்கைப் பார்த்துக்கொண்டே, "வீட்டு ஒப்பந்தம் எப்ப முடியுது?" என்று கேட்டாள்.

"டிசம்பர் கடைசியிலக்கா."

"ஓ," என்றாள். எங்களைப் பற்றிய கவலையில் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

விருந்து எங்கள் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் நடந்தது. ஜன்னல்களில் கறுப்புக் காகித வௌவால்கள் தொங்கின. எலும்புக்கூடுகளும் வௌவால்களும் சூனியக்காரிகளும் காலுறையோடு தரையில் வழுக்கி ஓடின. எங்கள் இனிப்புகளைத்தான் எல்லோரும் முதலில் மொய்த்தார்கள். ஒரு நார்வே அப்பா சிலந்தி வலையைப் போட்டோ எடுத்தார். அக்கா மேசைக்குப் பின்னால் நின்று பரிமாறியபடி, "இவதான் எல்லாம் செய்தவ" என்று நார்வேஜிய மொழியில் என்னைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மகள் வந்தாள்.

"அம்மா, நாம இந்தியாவுக்கு ஃப்ளித்தே பண்ணப்போறோமா?"

குடிபெயர்வதை அவள் எப்போதும் அந்த நார்வேஜியச் சொல்லால்தான் சொல்வாள்.

"யார் சொன்னது?"

அவள் தன் தோழியின் பெயரைச் சொன்னாள். அக்காவின் மகள். "அவங்க சித்தி நம்ம வீட்டுக்கு வரப்போறாங்களாம். என் ரூமு பேபிக்காம். நிஜமாம்மா? நான் பொய்ன்னு சொன்னேன். அவ 'எங்க அம்மா சொன்னா'ன்னு சொல்றா." பச்சைச் சாயத்தில் கண்ணீர் கோடு போட்டு இறங்கியது.

நான் மண்டியிட்டு அவளைப் பிடித்துக்கொண்டேன். "வீட்டுக்குப் போய்ப் பேசலாம்டா கண்ணு" என்றேன். வேறு என்ன சொல்வது? இல்லை என்று சொன்னால் பொய். ஆமாம் என்று சொல்லும் இடம் அது இல்லை.

கோட்டுகள் மாட்டியிருந்த நடைக்குப் போகத் திரும்பினால், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்காவின் தங்கை எதிரே வந்தாள். என் கையைப் பிடித்தாள். "உங்களுக்கு எப்பிடி நன்றி சொல்லுறதெண்டே தெரியேல்லை. நீங்கள்தானாம் வீட்டுக்கார ஐயாவோடை கதைச்சு எங்களுக்கு வீட்டைத் தரச்சொன்னது. அக்கா சொன்னவ. இந்தக் குளிருக்குள்ளை பிள்ளையோடை எங்கை போறது எண்டு அழுதுகொண்டிருந்தனான்." அவள் முகத்தில் கள்ளமே இல்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று பார்த்ததுமே புரிந்தது. "பரவால்லைங்க" என்றேன். என் வாயிலிருந்து எப்படி அந்த வார்த்தை வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

மகளை ஒரு பெஞ்சில் உட்காரவைத்து பூட்ஸ் போடச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். அக்கா என்னைப் பார்த்ததும் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். என் முகமே சொல்லியிருக்க வேண்டும். இரண்டு பேரும் கூடத்தின் சின்ன சமையலறைக்குள் போனோம்.

"பாப்பாவுக்குத் தெரிஞ்சு போச்சுக்கா."

"ஐயோ. என்ரை மகள் பக்கத்திலை இருந்தது நான் கவனிக்கேல்லை. போனிலை கதைக்கேக்கை கேட்டிட்டாள் போலை."

"யார்கிட்ட போன்ல?"

குழாயைத் திறந்து கையைக் கழுவித் துடைத்தாள். பிறகு, "ஐயாவோடை" என்றாள்.

"நீங்க சத்தியம் பண்ணீங்க."

"நான் வேறை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. ஐயாட்டை மட்டும்தான் சொன்னனான். நீங்கள் போறதெண்டால் வீடு ஆரோ ஒருத்தருக்குப் போகத்தானே போகுது? முந்தாட்டி வேறை ஆரும் எடுத்துப்போடுவினம். என்ரை தங்கச்சி தரையிலை படுக்கிறாள்."

"நாங்க போறோம்னு நான் சொல்லவே இல்லையே. போக வேண்டியிருக்கலாம்னுதானே சொன்னேன்?"

"எனக்கு அது போறதெண்டுதான் விளங்கினது."

"அப்ப உங்க தங்கச்சிகிட்ட நான் வீடு குடுக்கச் சொன்னேன்னு ஏன் சொன்னீங்க?"

அவள் தண்ணீர்க் குழாயைத் திறந்து, காய்ந்த கையைத் திரும்பக் கழுவினாள். "உம்மைப் பற்றி நல்லதாத்தானே சொன்னனான்" என்றாள் மெதுவாக.

"அன்னிக்கு ஒப்பந்தம் எப்ப முடியுதுன்னு கேட்டீங்களே. எனக்காகக் கேட்டீங்களா, தங்கச்சிக்காகக் கேட்டீங்களா?"

அவள் குழாயை மூடினாள். என்னை நேராகப் பார்த்தாள். "எனக்குத் தெரியேல்லை" என்றாள். கண் கலங்கியிருந்தது. ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். எனக்காகத்தான் கேட்டேன் என்று சொல்லியிருந்தால் அந்த நேரத்தில் நான் நம்பியிருப்பேன்.

நானும் மகளும் வீட்டுக்கு நடந்தோம். வழியெல்லாம் பிள்ளைகள் வாளிகளோடு கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள். மகள் யாரையும் பார்க்கவில்லை. வீட்டில் என் கணவரும் நானும் அவளை நடுவில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னோம். அவள் அழுததைவிட, "எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது" என்று சொன்னதுதான் தாங்க முடியவில்லை. அன்றைக்கு நானும் ஏறக்குறைய அதே நிலையில்தான் இருந்தேன். ஆனால் எனக்கு எட்டு வயது இல்லை.

மறுநாள் என் கணவர் வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். ஒலிபெருக்கியில் நானும் கேட்டேன். "நீங்கள் போறியள் எண்டு உங்கடை அக்காதான் சொன்னா. நான் அவையளுக்கு வாக்குக் குடுத்திட்டன் தம்பி. பிள்ளையோடை நிக்கிற குடும்பம்" என்றார். எங்களுக்கும் பிள்ளை இருக்கிறது என்று என் கணவர் சொன்னார். அவர் வருத்தப்பட்டார், ஆனால் மாறவில்லை. அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. நாங்கள் போகப்போகிறோம் என்று நம்பித்தான் அவர் சொன்னது.

நவம்பர் முடிவதற்குள் என் கணவருக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. செய்தி வந்த அன்று இரண்டு பேரும் சமையலறையில் நின்று சிரித்தோம். பிறகு அவர் சிரிப்பை நிறுத்தி, "நாடு இருக்கு, வீடு இல்ல" என்றார்.

அவர் அக்காமேல் என் அளவுக்குக் கோபப்படவில்லை. "தங்கச்சி தரையில படுத்திருக்கும்போது நீயா இருந்தா என்ன பண்ணியிருப்ப?" என்று ஒருநாள் கேட்டார். நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. வீட்டைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. வாய் திறந்து கேட்டிருந்தால், "நாங்க போறது உறுதியானா அவங்களுக்கே விடுறோம்" என்று நானே சொல்லியிருப்பேன். கேட்கும் அளவுக்குக்கூட அவள் என்னை நினைக்கவில்லை. அதை அவருக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. அவர் இழந்தது ஒரு வாடகை வீட்டை மட்டும்தான்.

அவசரத்தில் கிடைத்தது லில்லெஸ்ட்ரோமில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு. மகள் பள்ளி மாற வேண்டியதாயிற்று. கிளம்பும் அன்று அக்கா வந்தாள். ஒரு பாத்திரத்தில் புட்டும் இன்னொன்றில் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுவந்திருந்தாள். "அவருக்கு வேலை கிடைக்குமெண்டு தெரிஞ்சிருந்தால் நான் வாயே திறந்திருக்கமாட்டன்" என்றாள். பாத்திரங்களை வாங்கி மேசைமேல் வைத்தேன். "சரிக்கா" என்றேன். அவள் இன்னும் ஏதோ சொல்ல நின்றாள். நான் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் போய்விட்டாள்.

இரண்டு பிள்ளைகளும் சில மாதம் பேசவில்லை. பிறகு எப்படியோ போனில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பனிச்சறுக்கு, ஸ்லைம், பூனை என்று ஏதேதோ பேசிச் சிரிக்கிறார்கள். நான் தடுப்பதில்லை. என் மகள் ஒரே ஒருமுறைதான் அதைப் பற்றி என்னிடம் சொன்னாள். "அவ வேணும்னு சொல்லலைம்மா. அவளுக்கு அது சீக்ரெட்னே தெரியாது." அந்தப் பிள்ளையைப் பொறுத்தவரை அது உண்மை.

எனக்கும் அக்காவுக்கும் இப்போது இருப்பது பொங்கல் வாழ்த்து, தீபாவளி வாழ்த்து. அவள் அனுப்பினால் நான் அனுப்புவேன். பழகிய பழக்கத்தில் சில நாள், சந்தோஷமான ஒன்று நடந்தால், அவளைக் கூப்பிடப் போனை எடுத்துவிடுவேன். எடுத்த பிறகு நினைவு வரும்.

போன மாதம் ஆஸ்லோவிலிருந்து திரும்பும் ரயிலில் அவள் தங்கையைப் பார்த்தேன். மாலை ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குழந்தை நடக்கிறதாம், நார்வேஜியப் பாட்டெல்லாம் பாடுகிறதாம். பேசிக்கொண்டே வந்தவள், "அக்காவோடை நீங்கள் முந்தி மாதிரிக் கதைக்கிறேல்லையாம். அவ கவலைப்படுறா. ஏன், ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டாள்.

அவளுக்கு இன்னமும் யாரும் சொல்லவில்லை. சொல்வதற்கு அந்த ரயிலில் நேரம் இருந்தது.

"தூரமாயிடுச்சில்ல, அதான்" என்றேன்.

"ஒருநாளைக்கு வீட்டுக்கு வாங்கோ. நீங்கள் தந்த வீடு, நீங்களே வந்து பாக்கேல்லை."

வருகிறேன் என்றேன். லில்லெஸ்ட்ரோமில் ரயில் நின்றது. இரண்டு பேரும் இறங்கினோம். அவள் வேலைக்குப் போகும் பக்கம் வேறு, என் வீடு இருக்கும் பக்கம் வேறு.